தாத்தா இரட்டைமலை சீனிவாசனாரும் 1924ஆம் ஆண்டு ஆணையும்

செங்கற்பட்டுப் பகுதியில் மதுராந்தகத்தை அடுத்துள்ள கோழியாளம் ஒரு சிற்றூர். அவ்வூரின் சேரியில் 1859ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7ஆம் நாள் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள். ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று அரசாங்கம் அவருக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டங்களை அளித்தது. நம் மக்களோ அப்பட்டங்களையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டுத் தாத்தா என்று அழைத்தனர். இன்றும் அப்பெயரே நிலைத்திருக்கிறது.

சீனிவாசனாரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இலண்டன் வட்டமேசை மாநாட்டைச் சொல்லி மனநிறைவு அடைந்துவிடுகின்றனர். இங்கிலாந்து மன்னரோடு கைகுலுக்கிய காட்சி மேடைக்கு ஏற்றதுதான். ஆயினும் நம் ஊர்ப் பிள்ளைகளின் காலடிக்கும் கைக்குடத்துக்கும் நேராக வந்து சேர்ந்த அவருடைய பணி வேறொன்று. ஊர்த் தெருவில் யார் நடக்கலாம், ஊர்க் கிணற்றில் யார் நீர் மொள்ளலாம், ஊர்ப் பள்ளிக்கூடம் எந்த இடத்தில் அமைய வேண்டும் என்ற கேள்விகளை அவர் சட்டமன்றத்துக்குக் கொண்டு சென்றார். கல்விக்காக இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்த ஒரு கழகத்தின் மலரில் அப்பணியையே முதன்மையாக எழுதுவது பொருத்தம்.

வறுமையும் சாதிக்கொடுமையும் துரத்த, அவருடைய குடும்பம் கோழியாளத்தை விட்டுத் தஞ்சைக்கும், பின்னர்க் கோயம்புத்தூருக்கும் குடிபெயர்ந்தது. கோவையில்தான் அவர் கல்வி பயின்றார். அவர் படித்த கல்விச்சாலையில் ஏறத்தாழ 400 மாணவர்கள் இருந்தனர். அவர்களுள் பத்துப் பேர் தவிர ஏனையோர் அனைவரும் பிராமணர். சீனிவாசன் என்னும் சிறுவன் அங்கே படிப்பில் பின்தங்கவில்லை. ஆனால் எவரோடும் நெருங்கவும் இல்லை. எந்தத் தெருவில் குடியிருக்கிறாய், உன் உறவினர் யாவர் என்று எவனேனும் கேட்டுவிட்டால் சாதி வெளிப்பட்டுவிடுமே என்ற அச்சம் அவனை வாட்டியது. பள்ளி மணி அடிக்கும்வரை வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துக்கொண்டிருப்பான். மணி அடித்தபின் வகுப்புக்குள் நுழைவான். மாலையில் வகுப்பு முடிந்ததும் விளையாட நில்லாமல் விரைந்து வீடு சேர்வான். கூடி விளையாட முடியாமற் போனதை எண்ணி வருந்தியதை அவரே முதுமையில் தம் வரலாற்றில் பதிவு செய்துள்ளார். பள்ளிக்கூடத்தின் கதவு திறந்திருப்பது வேறு, அச்சமின்றி அதனுள் நுழைவது வேறு என்பதை அவர் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை.

படிப்பு முடிந்தபின் நீலகிரியில் ஐரோப்பிய வணிக நிறுவனங்களில் கணக்கராகப் பல்லாண்டுகள் பணிபுரிந்தார். 1887ஆம் ஆண்டில் அரங்கநாயகி அம்மையாரை மணந்தார். நம் சமுதாயத்தின் பேரறிஞர் அயோத்திதாசப் பண்டிதர் சீனிவாசனாரின் உடன்பிறந்தவரான தனலட்சுமி அம்மையாரை மணந்தவர். மைத்துனர் இருவரும் ஒரே நோக்கத்துக்காக வாழ்ந்தனர் எனினும் வழி வேறு. பண்டிதர் பௌத்தத்தை நாடினார். பழம்பெயர்களைத் துறந்து புதுப்பெயர் சூட வேண்டும் என்றார். சீனிவாசனாரோ எந்தப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துகிறார்களோ அந்தப் பெயரையே தலைநிமிர்ந்து சொன்னாலன்றி அச்சம் நீங்காது என்று கருதினார். இருவருள் யார் கருத்துச் சரி என்று நம் இளைஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். வாதிடட்டும், அது நல்லதே.

1890ஆம் ஆண்டில் அவர் சென்னை வந்து சேர்ந்தார். மறு ஆண்டு பறையர் மகாஜன சபையை நிறுவினார். 1893 அக்டோபரில் பறையன் என்னும் பெயரில் இதழ் தொடங்கினார். நான்கு பக்கம், விலை இரண்டணா. முதல் இதழுக்கு ஆன செலவு பத்து ரூபாய். சென்னையில் இரண்டே நாளில் 400 படிகள் விற்றுப்போயின. திங்கள் இதழாகத் தொடங்கிய அது சில மாதங்களில் வார இதழாயிற்று. பின்னர்ச் சொந்த அச்சுக்கூடமும் அமைந்தது. கிராமங்களிலிருந்து வந்த குறைகளை வெளியிடுவதும், அவற்றை அரசாங்கத்தின் பார்வைக்குக் கொண்டுசெல்வதும் அதன் தலையாய வேலைகள்.

அக்காலக் கிராமத்தின் அதிகாரம் எவ்வாறு இயங்கியது என்பதை இன்றைய இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும். கர்ணமும் மணியக்காரரும் பரம்பரையாகப் பதவி வகித்தனர். நில அளவும் வரிக் கணக்கும் அவர்கள் கையில். செங்கற்பட்டுப் பகுதியில் மிராசு உரிமை என்று ஒன்று இருந்தது. தரிசு நிலத்தைப் பயிரிட விரும்பி நம்மவர் ஒருவர் விண்ணப்பித்தால், மிராசுதாரர் குறுக்கே வந்து முன்னுரிமை கேட்கலாம். பல ஊர்களில் சேரி மனைகூட மிராசுதாரருக்கு உரியது. எதிர்த்துப் பேசினால் குடிசையை விட்டு வெளியேற வேண்டும். இவற்றையெல்லாம் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் விரிவான அறிக்கையாக எழுதினார். பின்னாளில் பஞ்சமி நிலம் என வழங்கப்பட்டவற்றுக்கு அவ்வறிக்கையே வித்து. அதன் தொடர்ச்சியாக 1893 பிப்ரவரி 1ஆம் நாள் நம் மக்களின் கல்விக்கெனச் சென்னை அரசாங்கம் தனி ஆணையொன்றைப் பிறப்பித்தது. பஞ்சமர் கல்வியின் உரிமைச் சாசனம் என்றே அதனை வரலாற்றாசிரியர் குறிப்பிடுவர். ஆணை வந்தது உண்மை. ஆயினும் ஊரில் அதை நிறைவேற்ற வேண்டியவர்கள் எவர்? அதே கர்ணமும் அதே மணியக்காரரும், அவர்களுடைய உறவினர்களும்தாம்.

இந்த உண்மையை மனத்திற்கொண்டு நோக்கினால்தான் 1893ஆம் ஆண்டு இறுதியில் சீனிவாசனார் செய்த செயலொன்று விளங்கும். இந்திய ஆட்சிப்பணித் தேர்வை இங்கிலாந்தில் மட்டுமன்றி இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரசார் கோரினர். அதனை எதிர்த்து அவர் சென்னையில் கூட்டம் கூட்டி, 3,412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீளமுள்ள விண்ணப்பத்தை இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார். இதனால் அவரை நாட்டுப்பற்று அற்றவர் எனப் பழித்தோர் உண்டு. பள்ளிக்கூட வாயிலே நமக்குத் திறவாத காலத்தில், இங்கே நடக்கும் தேர்வில் வெல்லப்போகிறவர் எவர் என்பதை அவர் கணக்கிட்டார். கிராமத்தில் கர்ணம், வட்டத்தில் தாசில்தார், மாவட்டத்தில் ஆட்சியர் என மேலிருந்து கீழ்வரை ஒரே சாராரின் கையில் அதிகாரம் சேர்ந்துவிடும் என்று அஞ்சினார். அந்த அச்சம் பொய்யென்று சொல்ல இயலாது. கூட்டத்தில் கையொப்பமிட்ட எளிய மனிதர்களுக்குக் காங்கிரசின் தீர்மானத்தைவிடத் தம் ஊர் மணியக்காரரின் கோல் நன்கு தெரியும்.

1900ஆம் ஆண்டில் இங்கிலாந்து செல்லும் நோக்கத்தோடு கப்பலேறினார். இதழும் அவ்வாண்டோடு நின்றது. இலண்டன் செல்லும் திட்டம் கைகூடவில்லை. ஆப்பிரிக்காவிலேயே தங்க நேர்ந்தது. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பல்லாண்டுகள் பணியாற்றினார். அங்கே வழக்குரைஞராக இருந்த காந்தியடிகளுக்குத் தமிழில் கையொப்பமிடக் கற்றுக்கொடுத்தவர் அவரே. ஏறத்தாழ இருபதாண்டுகள் கழிந்தபின் தாயகம் திரும்பியபோது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருக்க வேண்டிய வயது. அவருடைய பெரும்பணி அதன்பிறகுதான் தொடங்கியது.

அவர் இல்லாத இடைக்காலத்தில் நாட்டின் ஆட்சிமுறை மாறியிருந்தது. 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தின்படி கல்வியும் உள்ளாட்சியும் இந்திய அமைச்சர்களின் பொறுப்பாயின. சென்னை மாகாணத்தில் 1920ஆம் ஆண்டு மட்டும் உள்ளாட்சி மன்றச் சட்டம், கிராமப் பஞ்சாயத்துச் சட்டம், மாவட்ட நகராட்சிச் சட்டம், தொடக்கக் கல்விச் சட்டம் என நான்கு சட்டங்கள் இயற்றப்பட்டன. ஜில்லா போர்டு, தாலுகா போர்டு என்று நம் பாட்டனார்கள் பேசிய பெயர்கள் அச்சட்டத்துக்கு உரியவை. சாலை போடுவது, கிணறு வெட்டுவது, பள்ளி திறப்பது, ஆசிரியரை அமர்த்துவது ஆகிய அனைத்தும் அவற்றின் கையில் இருந்தன. பள்ளிகளுக்கு ஏற்பும் உதவித்தொகையும் வழங்குவதை முடிவுசெய்ய மாவட்டந்தோறும் கல்விக்குழு அமைந்தது.

மக்களாட்சி கிராமத்துக்கு வந்துவிட்டது என்று பலர் மகிழ்ந்தனர். ஆனால் வாக்குரிமை பெரும்பாலும் வரி செலுத்துவோருக்கே இருந்தது. நிலமில்லாக் கூலியாளிடம் வரி ஏது? வாக்கு ஏது? எனவே நம் மக்கள் தேர்தல் வழியே அம்மன்றங்களில் நுழைவது அரிதாயிற்று. அரசாங்கம் நியமித்த ஒருவர் இருவர் மட்டுமே ஆங்காங்கே உறுப்பினராயினர். அக்கிரகாரத்திலோ கோயில் மண்டபத்திலோ மன்றம் கூடினால் நியமனம் பெற்றவர் எவ்வாறு உள்ளே செல்வார்? உறுப்பினர் பதவியைக் கையில் வைத்துக்கொண்டு தெருமுனையில் நிற்க வேண்டியதுதான்.

பள்ளிக்கூடத்தின் நிலையும் அதுவே. பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளியில் சாதி பாராமல் எவரையும் சேர்க்க வேண்டும் என்பது விதி. விதியை வெளிப்படையாக மறுப்போர் இல்லை. பள்ளியை அக்கிரகாரத்தின் நடுவிலோ கோயிலை ஒட்டிய இடத்திலோ அமைத்துவிட்டால் போதும். சேர்க்க மாட்டோம் என்று சொல்ல வேண்டிய தேவையே எழாது. பிள்ளை அந்தத் தெருவுக்குள் வரவே முடியாது. தப்பித் தவறி வந்துவிட்டால் திண்ணையில் தனியே உட்கார வைப்பார்கள். அதற்கும் ஊரார் உடன்படாமல் தம் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவார்கள். பள்ளி காலியாகிவிடுமே என்று ஆசிரியரும் மன்றத் தலைவரும் நம் பிள்ளையைத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். 1919ஆம் ஆண்டில் அரசாங்கம் இதனை ஆராய்ந்தபோது, பொது நிருவாகத்தில் இருந்த பல்லாயிரம் பள்ளிகளில் மிகச் சிலவே நம் பிள்ளைகளைச் சேர்த்துவந்தமை வெளிப்பட்டது. எல்லாரும் வரக்கூடிய இடத்தில் பள்ளிகளை அமைக்க வேண்டும் என்று ஆணையிடப்பட்டது. உள்ளாட்சி மன்றங்கள் அதற்கு மெல்ல அசைந்தன. பல இடங்களில் அசையவே இல்லை. ஆகவே அரசாங்கத்தின் தொழிலாளர் துறை சேரிகளில் தனிப்பள்ளிகளைத் திறந்தது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் மூலம் அவையே. அப்பள்ளிகள் இல்லாவிடில் நம் பெற்றோருள் பலர் எழுத்தறிந்திருக்க மாட்டார்கள், நன்றியோடு நினைக்கத்தக்கவை. ஆனால் பொதுப்பள்ளி தன் கதவைச் சாத்திக்கொண்டதால் பிறந்தவை அவை என்பதையும் மறக்கலாகாது.

1923ஆம் ஆண்டில் சீனிவாசனார் சென்னைச் சட்டமன்றத்தின் நியமன உறுப்பினரானார். அங்கே எம்.சி. ராஜா அவர்கள் முன்னரே நம் உரிமைக்குக் குரல் கொடுத்து வந்தார். தெருவில் நடக்கும் உரிமை கிடைக்காதவரை பள்ளியும் கிணறும் அலுவலகமும் கிடைக்கா என்பதைச் சீனிவாசனார் கண்டார். தபால் நிலையம் அக்கிரகாரத்தில் இருந்தால் கடிதம் போட முடியாது. பத்திரப் பதிவு அலுவலகம் அங்கே இருந்தால் நிலம் வாங்க முடியாது. எல்லாத் தடைகளுக்கும் தெருவே முதல் தடை. ஆதலின் 1924 ஆகஸ்டு 22ஆம் நாள் அவர் ஒரு தீர்மானத்தைச் சட்டமன்றத்தின் முன் வைத்தார். எந்த நகரத்திலும் எந்தக் கிராமத்திலும் உள்ள பொதுச்சாலை, தெரு, பாதை ஆகியவற்றில் எவ்வகுப்பினரும் நடப்பதற்குத் தடை கூடாது. பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடுமிடம், பொதுக்காரியம் நடக்கும் கட்டடம் ஆகியவற்றைச் சாதி இந்துக்கள் எந்த அளவுக்குப் பயன்படுத்துகின்றனரோ அந்த அளவுக்கு நம் மக்களும் பயன்படுத்தலாம் என்பதே அதன் சாரம்.

சொற்களை அவர் எவ்வளவு எண்ணித் தேர்ந்தார் என்பதைக் கவனித்தல் வேண்டும். கோயிலை அவர் அதில் சேர்க்கவில்லை. சமயத்தில் தலையிடுகிறார் என்று தட்டிக்கழிக்க எவருக்கும் வாய்ப்பளிக்கவில்லை. பொதுப்பணம் எங்கெல்லாம் செலவாகிறதோ அங்கெல்லாம் நமக்குப் பங்குண்டு என்ற ஒரே அடிப்படையில் நின்றார். வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் நடந்துகொண்டிருந்த ஆண்டும் அதுவே. அது திருவிதாங்கூர் அரசைச் சார்ந்த இடம். அங்கே மறியலும் சிறையும் வேண்டியிருந்தன. சென்னையில் சட்டமன்றத்தின் வழியே அதே கோரிக்கை மாகாணம் முழுவதற்குமாக எழுந்தது.

தீர்மானம் நிறைவேறியது. நீதிக்கட்சியைச் சேர்ந்தவரும் உள்ளாட்சித் துறை அமைச்சருமான பனகல் அரசரின் ஆட்சியில், 1924 செப்டம்பர் 25ஆம் நாள் உள்ளாட்சித் துறையின் 2660ஆம் எண் ஆணை வெளியாயிற்று. 1925 பிப்ரவரி 24ஆம் நாள் அரசிதழிலும் அச்சேறியது. உள்ளாட்சி மன்றங்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் ஆணை அனுப்பப்பட்டது. கிராமங்களில் தமுக்கடித்து அறிவிக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகத் தமுக்கடித்துப் பிறர் செய்தியை ஊருக்குச் சொல்லி வந்தவர்கள் நம்மவர்கள். தம் கால் எந்தத் தெருவிலும் நடக்கலாம் என்ற செய்தியைத் தம் கையாலேயே பறையறைந்து சொல்லும் நாள் அவர்களுக்கு வாய்த்தது.

ஆணை வந்த மறுநாளே எல்லாம் மாறிவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். ஆணை வெளிவந்து சில திங்களுக்குள், அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பாலக்காட்டில், கல்பாத்தி அக்கிரகாரத் தெருவில் நடக்க முயன்ற ஈழவர்கள் தடுக்கப்பட்டனர். அது பொதுத்தெருவா அன்றா என்ற வாதமே பெரிதாயிற்று. ஆணைக்குப் பல் இல்லை; மீறுவோர்க்குத் தண்டனை இல்லை. இந்தக் குறையை நீக்கச் சட்டமன்ற உறுப்பினராக இருந்த கோவை ஆர். வீரையன் அவர்கள் பெரிதும் உழைத்தார். உள்ளாட்சிச் சட்டங்கள் பின்னர்த் திருத்தப்பட்டு, பொதுவிடத்தில் தடுப்போருக்கு அபராதம் விதிக்க வழி பிறந்தது. சீனிவாசனாரின் பெயரைச் சொல்லும்போது வீரையனாரின் பெயரையும் சேர்த்துச் சொல்வது நம் கடமை. அவரை நாம் அநேகமாக மறந்தேவிட்டோம்.

மேலே இயற்றும் சட்டத்தைக் கீழே ஒரு சிறு மன்றம் எவ்வாறு வெறுமையாக்கிவிடும் என்பதற்கு அதே காலத்தில் பம்பாய் மாகாணத்தில் ஒரு சான்று கிடைத்தது. அங்கும் 1923இல் சட்டமன்றம் இத்தகைய தீர்மானத்தை நிறைவேற்றியது. அதற்கிணங்க மகாடு நகராட்சி தன் குளத்தை எல்லாருக்கும் திறந்துவிடுவதாக முடிவு செய்தது. 1927 மார்ச்சில் அண்ணல் அம்பேத்கர் மக்களை அழைத்துச் சென்று அந்நீரை அருந்தினார். அதே ஆண்டு ஆகஸ்டில் நகராட்சி தன் முடிவைத் தானே நீக்கிக்கொண்டது. வழக்கு நடந்து உயர்நீதிமன்றத் தீர்ப்பு வர 1937 ஆயிற்று. குளத்து நீரை ஒரு கை அள்ளுவதற்குப் பத்தாண்டு வழக்கு!

1930-31ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற வட்டமேசை மாநாட்டின் முதலிரு கூட்டங்களுக்கும் தாழ்த்தப்பட்டோர் சார்பில் சென்றவர்கள் அம்பேத்கரும் சீனிவாசனாரும் ஆவர். ஒருவர் நாற்பதை எட்டாதவர். மற்றவர் எழுபதைத் தாண்டியவர். தீண்டத்தகாதவரின் பிரதிநிதி என்ற அடையாளத்தை மறைக்காமல் அணிந்தே மன்னர் முன் சென்றதை அவர் தம் வரலாற்றில் குறித்திருக்கிறார். கோவையில் சாதி தெரிந்துவிடுமோ என்று பள்ளி வாயிலில் மறைந்து நின்ற சிறுவன் இவர்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் இடைப்பட்ட அறுபது ஆண்டுகளின் பொருள் விளங்கும்.

1932 செப்டம்பர் 24ஆம் நாள் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் அவரும் எம்.சி. ராஜாவும் கையொப்பமிட்டனர். தனித்தொகுதி, இரட்டை வாக்குரிமை பற்றியே இவ்வொப்பந்தத்தைக் குறித்துப் பேசுகிறோம். அதன் இறுதிப் பகுதியில் இரண்டு விதிகள் உள்ளன. அவற்றை எடுத்துரைப்போர் குறைவு. உள்ளாட்சி மன்றத் தேர்தலிலும் அரசுப் பணியிலும் தாழ்த்தப்பட்டோர் என்பதனால் எவருக்கும் தடை கூடாது, உரிய பங்கு கிடைக்க முயல வேண்டும் என்பது ஒன்று. ஒவ்வொரு மாகாணத்திலும் கல்விக்கென ஒதுக்கும் பணத்தில் போதிய பகுதியை நம் மக்களின் கல்விக்கு எனத் தனியே எடுத்து வைக்க வேண்டும் என்பது மற்றொன்று. ஊராட்சியும் பள்ளிக்கூடமும் ஒன்றன்பின் ஒன்றாக அந்த ஒப்பந்தத்தில் இடம்பெற்றிருக்கின்றன. நம் கழகத்தின் உதவித்தொகை விண்ணப்பங்களை நிரப்பும் மாணவர்கள் இதனை அறிந்திருப்பது நலம்.

அம்பேத்கரோடு அவருக்குக் கருத்து வேறுபாடு எழுந்ததும் உண்டு. 1935இல் இந்து சமயத்தை விட்டு விலகப் போவதாக அம்பேத்கர் அறிவித்தபோது, நாம் வருணங்களுக்குள் அடங்காதவர்கள், உள்ளே இல்லாதவர் வெளியேறுவது எங்ஙனம் என்பது சீனிவாசனாரின் நிலையாக இருந்தது. மதிப்புக் குறையாமலே மாறுபட்டார். 1936இல் திவான் பகதூர் பட்டம் வந்தது. 1938இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் சென்னைச் சட்டமன்றத்தில் சமூக இடர் நீக்கச் சட்டம் நிறைவேறியது. 1924ஆம் ஆண்டு ஆணையில் இருந்த சாலை, கிணறு, குளம் என்னும் சொற்களை, 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவிலும் காணலாம்.

பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் தமிழ்நாட்டில் ஒழிய 1980 ஆயிற்று. ஊராட்சித் தலைவர் பதவிகளில் நமக்கு ஒதுக்கீடு வந்தபின், மதுரை மாவட்டத்து மேலவளவில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் அவர்களும் அவருடன் இருந்தோரும் 1997 ஜூன் 30ஆம் நாள் வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் 1996 முதல் 2006 வரை பத்தாண்டுகள் நம்மவர் தலைவராக அமர முடியவில்லை. தெருவில் நடக்கும் உரிமையை 1924இல் ஏட்டில் எழுதிவிட்டோம். மன்ற நாற்காலியில் அமரும் உரிமைக்கு உயிரைக் கொடுக்க வேண்டியிருந்தது. சீனிவாசனாரின் வாழ்க்கையைப் படிப்போர் இவ்விரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

1939ஆம் ஆண்டில், எண்பதாம் வயதில், தம் வாழ்க்கையை ஜீவிய சரித்திர சுருக்கம் என்னும் சிறு நூலாக எழுதி வெளியிட்டார். பெயருக்கேற்பச் சுருக்கமான நூல்தான், தற்புகழ்ச்சி இல்லை. கோவைப் பள்ளியின் மணியோசையும் 112 அடி விண்ணப்பமும் 1924ஆம் ஆண்டுத் தீர்மானமும் அதில் ஒரே அமைதியான நடையில் வருகின்றன. 1945 செப்டம்பர் 18ஆம் நாள் சென்னைப் பெரியமேட்டில் அவர் காலமானார். ஓட்டேரி இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். நம் கழகத்து மாணவர்கள் சென்னை செல்லும்போது, வியாசர்பாடி வழியாகவோ புரசைவாக்கம் வழியாகவோ அங்கே சென்று வரலாம்.